அம்பாவும் வின்ச்சும்

கல்முனைக் கடற்கரையிலே கரைவலை இழுப்போர் அம்பாப் பாட்டின் தாளத்திற்கு அடியெடுத்து வைத்தனர். ஒருவன் கை கயிற்றிற் சிக்கினால் ஒரு கூக்குரல் போதும். பாட்டும் நிற்கும், இழுப்பும் நிற்கும். பின்னர் இலங்கைக் கரைகள் சிலவற்றில் உழவு இயந்திரத்திற் பூட்டிய வின்ச் வலையிழுக்க வந்தது. உழைப்பு எளிதாயிற்று; ஆயின் வின்ச் குரலுக்குச் செவிசாய்ப்பதில்லை. எச்சரிக்கை தனியே கற்கவேண்டிய கல்வியாயிற்று.

அமுக்கக் காற்றால் இயங்கும் வின்ச் இதற்குத் தக்க சான்றாகும். பிரான்சையும் இத்தாலியையும் இணைக்கும் மொன் செனி சுரங்கப்பாதை (1857-1871) அமுக்கக் காற்றின் ஆற்றலை உலகிற்கு உணர்த்தியது. அங்கு 1861 முதல் காற்றுத் துளைகருவிகள் பாறையைக் குடைந்தன. வெளியேறிய காற்று தொழிலாளரின் சுவாசத்திற்கும் உதவிற்று. தீப்பொறியின்றி இயங்குதலின், வெடிக்கும் வாயு உலவும் சுரங்கங்களும் பின்னர் எண்ணெய்க் கிணற்று மேடைகளும் காற்று வின்ச்சை ஏற்றன.

இப்பொறியிலும் ஆபத்து மறைந்துளது. வால்வை மூடிய பின்னும் உள்ளே அடைபட்ட காற்று உருளையைச் சுழற்றவல்லது. எனவே பிரிப்போர் முதலிற் சுமையை இறக்குவர், வால்வை மூடுவர், எஞ்சிய காற்றை வெளியேற்றுவர், அதன் பின்னரே குழாயைக் கழற்றுவர். தடுப்பு, பற்சில்லு, மோட்டர் என்பவற்றை அடையாளமிட்டுப் பிரிப்பர். காற்றோடு வந்த ஈரம் துருவாகும். எண்ணெய் குறைந்தால் மோட்டரின் தகடுகள் தேயும். தேய்ந்தவற்றை மாற்றித் தடுப்பைச் சோதித்த பின்னரே பொறி மீண்டும் சுமை தாங்கும்.

பொறியின் வரலாறு கண்டுபிடித்தோரின் வரலாறு மட்டுமன்று. பிரித்துப் பூட்டியோரின் வரலாறுமாகும். அம்பா காத்த கைகளை இனி இவ்வொழுங்கே காத்தல் வேண்டும்.