பொருளறிவியல் கல்வியும் பல்கலைக்கழக இணைவும்: பொள்ளாச்சியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

இயற்பியல், வேதியியல், உலோகவியல் ஆகியவற்றின் சேர்க்கையால் உருவான துறை பொருளறிவியல். கொங்கு நாட்டில் இத்துறைகளைக் கற்பித்த கல்லூரிகள் 1982 முதல் 2001 வரை பாரதியார் பல்கலைக்கழகம் என்னும் ஒரே அரசுப் பல்கலைக்கழகத்துடன் இணைந்திருந்தன, பின்னர்ப் பிரிந்தன. அப்பிரிவு பொருளறிவியல் கல்விக்கு எத்தகைய தடையாக அமைந்தது என்பதைப் பொள்ளாச்சிக் கல்வி நிறுவனங்களின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பொருளறிவியல், உலோகவியல், பல்கலைக்கழக இணைவு, கொடுமணல், தென்னைநார், பொள்ளாச்சி.

முன்னுரை

ஒரு பொருளின் உள்ளமைப்பு, ஆக்கமுறை, பண்பு, பயன்பாடு ஆகிய நான்கிற்கும் இடையிலான உறவை ஆராய்வது பொருளறிவியல். இது தனித்துறையாக உருப்பெற்றது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலாகும். 1957இல் ஸ்புட்னிக் விண்ணில் ஏவப்பட்டபின், 1960இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமை, இயற்பியலாரும் வேதியியலாரும் உலோகவியலாரும் ஒன்றாகப் பணிபுரியும் ஆய்வகங்களைப் பல்கலைக்கழகங்களில் அமைக்க நிதி வழங்கியது. எனவே, துறைகளின் கூட்டே இக்கல்வியின் அடிப்படை எனலாம்.

கொடுமணல் உணர்த்தும் பாடம்

இக்கூட்டின் தேவையைக் கொங்கு நாட்டின் தொல்லியல் சான்றே காட்டுகிறது. பதிற்றுப்பத்து குறிப்பிடும் கொடுமணம் எனக் கருதப்படுவது, ஈரோடு மாவட்டத்தில் நொய்யலின் வடகரையிலுள்ள கொடுமணல். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் அங்கு மேற்கொண்ட அகழாய்வுகளில் உலைகளும் இரும்புக் கசடுகளும் வெளிப்பட்டன. அவற்றின் தொழில்நுட்பத்தை விளக்கத் தொல்லியல் மட்டும் போதவில்லை, பா. சசிசேகரன், ரகுநாதராவ் ஆகியோரின் உலோகவியல் பகுப்பாய்வு (1999) தேவைப்பட்டது.

ஐரோப்பியர் ‘ஊட்ஸ்’ என்றழைத்த தென்னிந்திய மூசை உருக்கின் ஆய்வு வரலாறும் இதையே உணர்த்துகிறது. அவ்வுருக்காலான வாள்களில் காணப்படும் அலைவரிகளுக்கு, வனேடியம் போன்ற தனிமங்கள் மிக நுண்ணிய அளவில் கலந்திருத்தலே காரணம் என்பதை 1990களில் நிறுவியவர் அயோவா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வெர்ஹோவன். அவருடன் இணைந்து உழைத்தவர் ஆல்பிரட் பென்ட்ரே என்னும் கொல்லர். ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தின் ஆய்வகமும் ஒரு கொல்லரின் பட்டறையும் சேர்ந்தே அவ்விடையைக் கண்டன.

ஒரே பல்கலைக்கழகத்தின்கீழ்

கொங்கு நாட்டில் நவீன தொழில்நுட்பக் கல்வி, வார்ப்பாலைகளையும் நூற்பாலைகளையும் ஒட்டி வளர்ந்தது. பி.எஸ்.ஜி. அறநிலையத்தின் தொழிற்கூடம் 1926இல் தோன்றியது. பின்னாளில் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி எனப் பெயர்பெற்ற நிறுவனம் 1945இலும், பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி 1951இலும், கோயம்புத்தூர் தொழில்நுட்பக் கல்லூரி 1956இலும் தொடங்கப்பட்டன. பொள்ளாச்சியில் 1957இல் நல்லமுத்துக் கவுண்டர் மகாலிங்கம் கல்லூரியும் நாச்சிமுத்து பாலிடெக்னிக் கல்லூரியும் நிறுவப்பெற்றன. இவ்விரண்டின் உருவாக்கத்திலும் முதன்மைப் பங்கு வகித்தவர் நா. மகாலிங்கம் (1923–2014). கிண்டியில் பொறியியல் பயின்ற அவர், கலை அறிவியலுக்கும் தொழிற்கல்விக்கும் ஒரே ஊரில் இடமளித்தார்.

பட்டப்படிப்புக் கல்லூரிகள் யாவும் அந்நாளில் சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்திருந்தன. 1982இல் கோயம்புத்தூரில் பாரதியார் பல்கலைக்கழகம் தோன்றியதும் இவ்வட்டாரத்தின் கலை அறிவியல் கல்லூரிகளும் பொறியியல் கல்லூரிகளும் அதன் இணைவைப் பெற்றன. 1998இல் பொள்ளாச்சியில் தொடங்கப்பட்ட டாக்டர் மகாலிங்கம் பொறியியல் கல்லூரியும் அவ்விணைவிலேயே தொடங்கியது. ஆக, திண்மநிலை இயற்பியல் பயின்ற மாணவரும் உலோகவியல் பயின்ற மாணவரும் ஒரே பல்கலைக்கழகத்தின் பட்டத்தைப் பெற்றனர்.

எனினும், அக்காலத்தை மிகைப்படுத்துதல் பொருந்தாது. பல்கலைக்கழகம் ஒன்றாயினும் பாடத்திட்டக் குழுக்கள் துறைவாரியாகவே அமைந்தன. இணைவு வாய்ப்பைத் தந்தது. துறையைத் தானே உருவாக்கிவிடவில்லை.

2001க்குப் பின்

2001இல் தமிழகப் பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைவுக்கு மாற்றப்பட்டன. மாநிலம் முழுவதற்கும் ஒரே தரத்திலான பாடத்திட்டமும் தேர்வும் என்ற நோக்கில் இம்மாற்றம் பயனுடையதே. ஆயின், பொருளறிவியலைப் பொறுத்தவரை அது ஒரு பிளவாக அமைந்தது. பொள்ளாச்சியில் ஒரே குடும்பத்தாரின் முயற்சியால் எழுந்த மூன்று நிறுவனங்கள் மூன்று அமைப்புகளுக்கு உட்பட்டன. கலை அறிவியல் கல்லூரி பாரதியார் பல்கலைக்கழகத்திலும், பொறியியல் கல்லூரி அண்ணா பல்கலைக்கழகத்திலும், பாலிடெக்னிக் கல்லூரி தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்திலும் அடங்கின. ஆய்வு நெறியாளர் ஏற்பு, முனைவர் பட்டப் பதிவு ஆகியனவும் பல்கலைக்கழகந்தோறும் தனித்தனியாயின.

பிளவு பொறியியல் கல்லூரிக்குள்ளும் தொடர்கிறது. அங்கு பொருளறிவியலின் அடிப்படையை முதலாண்டில் இயற்பியல் ஆசிரியர் கற்பிக்கிறார். ‘பொறியியல் பொருட்களும் உலோகவியலும்’ என்னும் பாடத்தைப் பிந்தைய பருவத்தில் இயந்திரவியல் ஆசிரியர் கற்பிக்கிறார்.

தென்னைநார்: நிகழ்காலத் தேவை

இப்பிளவின் விளைவைப் பொள்ளாச்சியின் தென்னைநாரில் காணலாம். பிற தாவர இழைகளைவிட லிக்னின் மிகுந்தமையால் தென்னைநார் நீரில் எளிதில் மட்குவதில்லை. ஆயினும், நெகிழிப் பிசினுடன் சேர்த்துக் கூட்டுப்பொருளாக்கும்போது அவ்விழை பிசினோடு நன்கு பற்றுவதில்லை. காரக் கரைசலில் ஊறவைத்து மேற்பரப்பின் மெழுகை நீக்கினால் பற்று மேம்படுகிறது. இங்குக் கரைசலின் வினையை அறிபவர் வேதியியலார்; இழுவலிமையை அளப்பவர் பொறியாளர்; அச்சில் வார்ப்பவர் பாலிடெக்னிக்கில் பயின்ற தொழில்வினைஞர். மூவரும் ஒரே ஊரில் இருந்தும், ஒரு மாணவர் மூவரிடமும் பயில்வதற்கான முறையான பாடவழி இல்லை.

முடிவுரை

கொங்கு நாட்டில் பொருளறிவியலுக்கு வேண்டிய துறைகளுக்கோ நிறுவனங்களுக்கோ குறைவில்லை. அவற்றை இணைக்கும் நிருவாக அமைப்பே குறைவுபட்டது. 1982இல் கிட்டிய வாய்ப்பு முழுமையாகப் பயன்படுத்தப்படுமுன்னரே 2001இல் கைநழுவியது. பொள்ளாச்சியின் கலை அறிவியல், பொறியியல் கல்லூரிகள் இரண்டும் இன்று தன்னாட்சி பெற்றவை; பாடத்திட்டம் வகுக்கும் உரிமை அவற்றிடம் உள்ளது. ஒருவர் மற்றவரின் வகுப்பில் பயின்று மதிப்பீட்டுப் புள்ளி பெறும் ஒரு விருப்பப்பாடத்தைத் தென்னைநாரை மையமாகக் கொண்டு அவை கூட்டாக அமைக்க இயலும். பல்கலைக்கழக இணைவு பிரித்ததைப் பாடத்திட்டம் சேர்க்கக்கூடும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் முடிவாகும்.