குறும்பிவாங்கி

அப்பா தில்லிக்கு வந்து எங்களோடு தங்கிய முதல் மழைக்காலம் அது. திருநெல்வேலியில் திண்ணையில் உட்கார்ந்தால் தெருவையே பேசித் தீர்க்கிறவர், மயூர் விஹார் வீட்டில் ஜன்னலைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஒன்று கேட்டால் வேறொன்று சொல்வார். "பாஷை தெரியாத ஊரு, மனசு ஒட்டலை" என்றேன் நான். "மறதி நோயா இருக்குமோங்க?" என்றாள் மனைவி. குழந்தைகள் தாத்தாவிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டார்கள். இரண்டு மாதம் இப்படியே ஓடியது.

கடைசியில் காது மூக்கு தொண்டை டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: இரண்டு காதிலும் குறும்பி அடைத்து இறுகிக் கிடக்கிறது. ஐந்து நாள் சொட்டு மருந்து, அப்புறம் கழுவி எடுத்துவிடலாம். அவ்வளவுதான்!

அன்று ராத்திரி இந்தக் குறும்பியின் சரித்திரத்தைத் தேட உட்கார்ந்தேன். பி.காம். படித்தவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்காதீர்கள். குற்ற உணர்ச்சி தூங்கவிடவில்லை.

முதலில் நம் ஊர். காதழுக்கு எடுக்கும் கருவிக்குத் தமிழில் 'குறும்பிவாங்கி' என்றே ஒரு சொல் இருக்கிறது. சின்னக் கரண்டி மாதிரி நுனி இருக்கும். வெள்ளியில் செய்து, பல்குத்தியோடு ஒரே வளையத்தில் கோத்து இடுப்பில் செருகிக்கொண்ட பாட்டிகளை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். அது போனபின் கோழி இறகு, ஊக்கு, தீக்குச்சி என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் காதுக்குள் போயிற்று.

வைத்திய நூல்களில் இது ரொம்பப் பழைய விஷயம். சுசுருத சம்ஹிதையின் உத்தர தந்திரம் சொல்லும் 28 காது நோய்களில் 'கர்ணகூதம்' ஒன்று. அதுதான் நம் குறும்பி. எண்ணெய் விட்டு ஊறவைத்து, ஒத்தடம் கொடுத்து இளக்கி, அதன்பிறகே சலாகையால் எடுக்கச் சொல்கிறது. முதல் நூற்றாண்டு ரோமாபுரியில் செல்சஸ் எழுதிய மருத்துவ நூலும் கிட்டத்தட்ட இதேதான்: இறுகியிருந்தால் சூடான எண்ணெய் மாதிரி ஏதாவது விட்டு இளக்கு, விட்டு வந்ததும் தண்ணீரால் கழுவு. முதலில் ஊறவை, பிறகு எடு. இன்றைக்கும் டாக்டர்கள் செய்வது அந்த வரிசையில்தான்.

எங்கள் தில்லிக்கு இதில் தனிப் பெருமை உண்டு. சிவப்புத் தலைப்பாகையில் சலாகையைச் செருகிக்கொண்டு, கையில் பஞ்சும் கடுகெண்ணெயுமாகத் திரியும் 'கான் சாஃப்' ஆட்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு கம்பெனி ஓவியங்களில்கூட இந்தத் தொழில்காரர் இருக்கிறார். நான் தொண்ணூறுகளில் இங்கே மாற்றலாகி வந்த புதிதில், ஜும்மா மசூதிப் பக்கம் ஒருவரிடம் காதைக் கொடுத்திருக்கிறேன். சுகமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு சலாகை எத்தனை காதுக்குள் போய் வந்திருக்கும் என்று இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. இன்று அவர்கள் அருகிவிட்டார்கள்.

அந்த இடத்துக்கு வந்தது பஞ்சுக் குச்சி. 1923-ல் அமெரிக்காவில் லியோ கெர்ஸ்டென்சாங் என்பவர் குழந்தைகளைச் சுத்தம் செய்வதற்காக அதை விற்க ஆரம்பித்தார். காதுத் துவாரத்துக்குள் விடாதீர்கள் என்று இன்றைக்கு டப்பாவிலேயே அச்சடித்திருக்கிறார்கள். யார் படிக்கிறோம்?

விஷயம் இதுதான். குறும்பி அழுக்கே இல்லை. காதுக் குழாயின் வெளிப்பகுதியில் மட்டும் சுரந்து, தூசியைப் பிடித்து, தோலை ஈரமாக வைத்திருக்கிறது. குழாயின் தோல் மெல்ல மெல்ல வெளிப்பக்கமாக நகர்கிறது. மெல்லும்போது தாடை அசைவதும் உதவுகிறது. பழையது தானாக உதிர்ந்துவிடும். எங்கள் வங்கி பாஷையில் சொன்னால், தானே டேலி ஆகிக்கொள்ளும் கணக்கு. நாம் குச்சியை விட்டுக் கைவைத்தால்தான் உள்ளே தள்ளி வராக்கடன் ஆக்குகிறோம். வயதானவர்களுக்குக் குறும்பி உலர்ந்து போவதால் தானாகவும் அடைத்துக்கொள்ளும்.

கழுவுவதிலும் ஒரு கதை உண்டு. வியன்னாவில் ராபர்ட் பாரனி என்ற டாக்டர் காதைக் கழுவும்போது நோயாளிகள் தலை சுற்றுகிறது என்பார்கள். தண்ணீர் ஜில்லென்று இருந்தால் கண் ஒரு பக்கம் துடித்தது. சூடு அதிகமானால் மறுபக்கம். உள்காதுதான் உடம்பின் சமநிலையைப் பார்த்துக்கொள்கிறது என்பதை ஆராய இது வழிவிட்டது. 1914-ஆம் வருட நோபல் பரிசு அவருக்கு. செய்தி வந்தபோது மனிதர் ரஷ்யாவில் போர்க்கைதி! அதனால்தான் இன்றும் உடம்புச் சூட்டுத் தண்ணீரில் கழுவுகிறார்கள்.

வீட்டில் பெரியவர்கள் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காதில் வலி, சீழ், செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெயோ சொட்டு மருந்தோ நாமாக விடக்கூடாது. திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் குறும்பிதான் என்று இருந்துவிடாமல் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள். மற்றபடி பெரியவர் பேசாமல் ஒதுங்கினால், மனசைச் சந்தேகிக்கும் முன் காதைக் காட்டுங்கள்.

ஆறாம் நாள் கழுவி முடித்து ஆட்டோவில் வந்துகொண்டிருந்தோம். பழக்க தோஷத்தில் அப்பாவின் காதருகே குனிந்து, "பசிக்குதாப்பா?" என்று உரக்கக் கேட்டேன்.

"எதுக்குல இப்படிக் கத்துத? மெதுவாப் பேசு" என்றார் அப்பா.

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். எனக்கு அப்புறம் வீடு வரும்வரை பேச்சே வரவில்லை. அப்பாதான் பேசிக்கொண்டு வந்தார்.