வாக்காளர் பட்டியலில் நமது பெயர்: அரசியல் சாசனம் தரும் பாதுகாப்பு

அடையாள அட்டை கையில் இருந்தும், பட்டியலில் பெயர் இல்லையென்றால் வாக்களிக்க முடியாது. எனவே, தேர்தலின் நேர்மை வாக்காளர் பட்டியலில் இருந்தே தொடங்குகிறது. இது குறித்து இந்திய அரசியல் சாசனம் கூறுவதை நாம் அறிந்திருப்பது அவசியம்.

பிரிவு 324: பட்டியல் தயாரிப்பும் தேர்தல் நடத்துவதும் தேர்தல் ஆணையத்தின் பொறுப்பு. உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்குவதற்கான அதே நடைமுறையில்தான் தலைமைத் தேர்தல் ஆணையரை நீக்க முடியும்.

பிரிவு 325: ஆங்கிலேயர் 1909இல் முஸ்லிம்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி முறையைக் கொண்டுவந்தனர். நமது சாசனம் அதைத் தொடரவில்லை. ஒரு தொகுதிக்கு ஒரே பொதுப் பட்டியல்தான். மதம், இனம், சாதி, பாலினம் ஆகியவற்றை மட்டும் காரணம் காட்டி எவரையும் விலக்க முடியாது.

பிரிவு 326: 18 வயது நிரம்பிய குடிமக்களுக்கு வாக்குரிமை. 1989க்கு முன் இது 21 வயதாக இருந்தது.

பிரிவு 329: தேர்தலை எதிர்த்துத் தேர்தல் மனு மூலமே வழக்காட முடியும். முடிவு வெளியான 45 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் அதைத் தாக்கல் செய்ய வேண்டும்.

ஒருவர் ஊரில் இல்லை என்று கூறி அவர் பெயரை நீக்குவதற்கு முன், அவரது விளக்கத்தைக் கேட்க வேண்டும் என்கிறது 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். விடுபட்டவர்கள் படிவம் 6 கொடுக்கலாம். ஆனால் வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பின் அந்தத் தேர்தலுக்கான பட்டியலில் மாற்றம் செய்ய முடியாது.

வாக்கு என்பது சாட்சியம், அது ஓர் அமானிதம் என உலமாக்கள் விளக்குவர். ஒவ்வொரு மஹல்லாவிலும் பட்டியலை இப்போதே சரிபார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.