ஜாடியும் குத்தகையும்

திருக்காட்டுப்பள்ளியில் குடமுருட்டிக் கரையை ஒட்டிய பழைய வீடுகளின் உக்கிராண அறையில், வெள்ளைத் துணியால் வாய் கட்டப்பெற்று, மாவடுவையோ உப்பில் ஊறிய நாரத்தங்காயையோ தாங்கி நிற்கும் ஜாடியைத் தஞ்சை ஜில்லாவில் பிறந்தவர் எவரும் அறிவர். தோளும் கழுத்தும் வெல்லப்பாகின் பழுப்பு. கீழே வயிறு முழுதும் அரிசிக் கஞ்சியின் வெண்மை. இவ்விரு வர்ணங்களும் கலக்கும் இடத்தை விரலால் தடவிப் பார்ப்பவர், தாம் தொடுவது சாராய வியாபாரத்தின் சரித்திரத்தை என்று நினைத்திரார்.

மண்பானை நீரைக் கசியவிடும். கோடையில் அதுவே அதன் குணம். ஆனால் 1200 டிகிரியை ஒட்டிய உஷ்ணத்தில் சூளையில் வெந்த தக்க களிமண், தன்னுள்ளேயே உருகி இறுகிக் கல்லின் தன்மை பெற்றுவிடுவதால், புளிப்பும் உப்பும் சாராயமும் அதை அரிப்பதுமில்லை, ஊடுருவுவதுமில்லை. இக்குணத்தைக் கண்டே இங்கிலாந்தின் மதுவணிகக் குடும்பங்கள் இத்தகைய ஜாடிகளைச் செய்வித்து, தங்கள் பெயரையும் ஊரையும் அவற்றின்மேல் முத்திரையிட்டு, சரக்குத் தீர்ந்தபின் ஜாடி கடைக்கே திரும்பவேண்டும் என்ற நிபந்தனையோடு அனுப்பின. 1815இல் ஜான் டௌல்டன் பங்குதாரராகச் சேர்ந்த லாம்பெத் சூளை இத்தகைய பாண்டங்களால் வளர்ந்தது. பிரிஸ்டல் நகரத்தில் 1835ஐ ஒட்டித் தோன்றிய மெருகின் சாயலையே நம் ஊறுகாய் ஜாடி இன்றும் தரித்திருக்கிறது.

நம் நாட்டிலோ சாராயம் சர்க்காரின் வருமானமாயிற்று. 1886ஆம் ஆண்டின் சென்னை அப்காரிச் சட்டத்தின் (மதுபானக் கலால் சட்டத்தின்) கீழ்க் கடைகள் ஏலம் விடப்பட, ஏலம் எடுத்த குடும்பங்கள் குத்தகைதாரர்களாயின. பாரி கம்பெனியின் நிர்வாகத்தில் நெல்லிக்குப்பத்தில் சர்க்கரையோடு சாராயமும் உற்பத்தியாயிற்று. அதே கம்பெனி ராணிப்பேட்டையில் மட்பாண்டத் தொழிலையும் நடத்தியது. சீமையில் வணிகனின் பெயர் மண்ணில் பதிந்தது. இங்கே, ‘கள்ளுக்கடைக் குத்தகைக்காரர் வீடு’ என்று ஊரார் நாவில் பதிந்தது. அறுப்புக் காலத்தில் கூலியாகப் பெற்ற நெல், களத்திலிருந்து வீடு சேருமுன் கடையில் கரைந்ததையும், அதனால் அடுப்பு எரியாத குடிசைகளையும் சொல்லாமல், குத்தகைதாரர் செல்வத்தின் கதையை மட்டும் சொல்வது தர்மமாகாது.

1937 அக்டோபர் 1ஆம் தேதி ராஜாஜி சேலம் ஜில்லாவில் தொடங்கிய மதுவிலக்கு, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாக இருக்கையில், 1948 அக்டோபர் 2ஆம் தேதி மாகாணம் முழுவதையும் தழுவியது. ஏலம் நின்றது; குத்தகையும் நின்றது. 1971இல் சட்டம் தளர்ந்து கடைகள் மீண்டன என்பதும் சரித்திரமே. ஆயினும், போதைக்காக வனையப்பட்ட ஜாதியைச் சேர்ந்த இந்தப் பாண்டம், நம் பெண்மணிகளின் கைக்கு வந்தபின், பழையசோற்றுக்குத் துணையாகும் ஊறுகாயை ஆண்டு முழுவதும் கெடாமல் காத்துத் தந்ததே அதன் வாழ்வில் மேலான பகுதி என்பேன்.

உங்கள் வீட்டில் அத்தகைய ஜாடி இருக்குமாயின், பழைய சாமான் வியாபாரியிடம் கொடுக்குமுன் ஒருமுறை கழுவித் துடைத்து, அடியைத் திருப்பிப் பாருங்கள். முத்திரை இருந்தால் அதையும், ஜாடி எந்த வீட்டிலிருந்து, யாருடைய சீரோடு வந்தது என்பதையும், அறிந்த பாட்டிமார் இருக்கும்போதே எழுதி வையுங்கள்.