சரளை மேட்டில் ஓர் அகழாய்வு



இங்கிலாந்தில், தேம்ஸ் ஆற்றங்கரை மேட்டில் உள்ள சிற்றூர் மக்கிங். 1959-இல் விமானத்திலிருந்து அங்கே எடுத்த படங்களில், பயிருக்கு நடுவே வட்டங்களும் கோடுகளும் தெரிந்தன. காரணம் என்ன? பழங்காலத்தில் வெட்டிய பள்ளம் தூர்ந்துபோனாலும் அங்கே ஈரம் தங்கும்; பயிர் செழித்து உயரும். மண்ணோடு பழகிய நமக்கு இது எளிதில் விளங்கும்.

ஆனால் அந்த நிலத்தடியில் கட்டட வேலைக்கான சரளைக்கல் இருந்தது. அதை அள்ள இயந்திரங்கள் வந்தன. அவை அள்ளிப் போவதற்கு முன், மார்கரெட் ஜோன்ஸ் அம்மையார் தலைமையில் 1965 முதல் 1978 வரை அகழாய்வு நடந்தது. ஆயிரக்கணக்கான தொண்டர்கள் கைகொடுத்தனர்.

கிடைத்தவை பல. புதிய கற்கால மட்பாண்டங்கள், வெண்கலக்கால வட்ட அரண், இரும்புக்கால வட்ட வீடுகள், ரோமானியர் காலப் பானைச் சூளைகள், இடுகாடுகள், அவர்களுக்குப் பின் வந்த ஆங்கிலோ-சாக்சன் மக்களின் 200-க்கும் மேற்பட்ட குழிக் குடிசைகள்!

இவை மன்னர் மாளிகைகள் அல்ல. உழுதவரும், நெய்தவரும், பானை வனைந்தவரும் வாழ்ந்த இடங்கள். அந்த மேட்டைச் சரளைக்காக வெட்டி எடுத்துவிட்டார்கள். குறிப்பேடுகளும் படங்களும் பொருள்களுமே மிஞ்சின. நிலம் மாறத்தான் செய்யும். மாறுமுன் குறித்து வைத்தால்தான் அங்கே உழைத்தவர் வரலாறு நிற்கும் என்பதை நாம் மறவாதிருப்போம்.