நூறு சதவீதத் தேர்ச்சியும் ஒன்பதாம் வகுப்பும்: கடலூர், சிதம்பரம் பள்ளிகளை ஒப்பிடுவது எப்படி?



மே மாதம் வந்தால் எங்க கடலூர்ல வெயிலோட சேர்ந்து ஃப்ளெக்ஸ் பேனரும் வந்துவிடும். மஞ்சக்குப்பத்தில் ஆரம்பித்து திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும், அந்தப் பக்கம் சிதம்பரத்தில் நான்கு ரத வீதிகளிலும், சிரித்த முகத்தோடு மாணவ மாணவிகள் தொங்குவார்கள். கீழே பெரிய எழுத்தில் "100% தேர்ச்சி". ஊருக்கு வெளியே இருக்கிற அரசுப் பள்ளிகளுக்கு பேனர் கிடையாது. "அந்த ஸ்கூலா, எண்பத்தஞ்சு பர்சன்ட்தாம்பா" என்று டீக்கடையில் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அதை வைத்துத்தான் பிள்ளையை எங்கே சேர்ப்பது, எவ்வளவு கடன் வாங்குவது என்பதெல்லாம் முடிவாகிறது.

நான் படிப்பது பி.காம். ஒரு சதவீதத்தைப் பார்த்தால் எங்கள் கண் முதலில் போவது கீழே இருக்கும் எண்ணுக்குத்தான். எத்தனை பேரில் நூறு சதவீதம்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம் என்றுதான் இந்தக் கட்டுரை.

நம்ம பக்கத்துப் பள்ளிகளை எண்ணிப் பார்க்கும் வேலை இருநூறு வருஷம் பழையது. 1822ல் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ, ஒவ்வொரு கலெக்டரிடமும் உங்கள் ஜில்லாவில் எத்தனை பள்ளி, யார் படிக்கிறார்கள் என்று கணக்குக் கேட்டார். 1826ல் வந்த மொத்தக் கணக்கு: 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். தரம்பால் என்ற ஆய்வாளர் 1983ல் இந்த அறிக்கைகளைப் புத்தகமாகக் கொண்டு வந்தபோது ஒரு விஷயம் பலரையும் ஆச்சரியப்படுத்தியது. அன்றைய தென்னாற்காடு ஜில்லாவில் (நம்ம கடலூர், சிதம்பரம், விழுப்புரம் எல்லாம் சேர்ந்தது) திண்ணைப் பள்ளியில் படித்தவர்களில் 84 சதவீதத்துக்கும் மேல் சூத்திரர்களும் அதற்குக் கீழே வைக்கப்பட்ட மற்ற சாதியினரும் என்று கலெக்டர் எழுதியிருந்தார். தமிழ்ப் பகுதிகளிலேயே அதிகம் இதுதான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது பள்ளிக்குள் இருந்தவர்களின் கணக்கு. வெளியே நின்றவர்கள் எத்தனை பேர் என்பது இந்த 84க்குள் தெரியாது. பெண் பிள்ளைகள் மிகமிகக் குறைவு.

வெளியே நின்றவர்களுக்குப் பள்ளி வந்த கதைக்கு சிதம்பரம்தான் சாட்சி. 1864ல் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் இங்கே வந்து சைவப்பிரகாச வித்தியாசாலையை ஆரம்பித்தார். பிறகு பச்சையப்பன் பள்ளி, ராமசாமி செட்டியார் பள்ளி என்று ஊர் வளர்ந்தது. 1929ல் பல்கலைக்கழகமே வந்தது. இவ்வளவு இருந்தும் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கு என்று ஒரு பள்ளியை 1916ல் சுவாமி சகஜானந்தர் தனியாக ஆரம்பிக்க வேண்டியிருந்தது. நந்தனார் பெயரில் அவர் நடத்திய பள்ளியும் விடுதியும் இல்லாவிட்டால், சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ குடும்பங்களில் முதல் பட்டதாரி வந்திருக்க மாட்டார். 1959ல் மறையும் வரை அவர் அதற்காகவே உழைத்தார். இப்போது சொல்லுங்கள், அந்தக் காலத்தில் இந்தப் பள்ளியையும் ரத வீதிப் பள்ளியையும் தேர்ச்சி விகிதம் வைத்து ஒப்பிட்டால் என்ன அர்த்தம்? ஒரு பள்ளிக்கு வீட்டிலேயே படித்தவர்கள் இருக்கும் பிள்ளைகள் வருகிறார்கள். இன்னொன்றுக்கு, வீட்டில் யாருக்கும் எழுத்தே தெரியாத பிள்ளைகள் வருகிறார்கள்.

ரிசல்ட்டை வைத்துப் பள்ளியை எடை போடும் பழக்கத்தை ஆரம்பித்ததும் வெள்ளைக்காரர்கள்தான். இங்கிலாந்தில் 1862ல் ஒரு சட்டம் போட்டார்கள். இன்ஸ்பெக்டர் வருவார், வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் ஒவ்வொரு பையனையும் சோதிப்பார், எத்தனை பேர் தேறினார்களோ அதற்கு ஏற்ப மானியம். அதே முறை 1860களிலேயே சென்னை மாகாணத்துக்கும் கப்பலேறி வந்துவிட்டது. வாத்தியார்கள் என்ன செய்திருப்பார்கள்? இன்ஸ்பெக்டர் கேட்கும் பக்கத்தை மட்டும் மனப்பாடம் செய்ய வைத்தார்கள். தேறாத பையன் மேல் செலவழிக்கும் நேரம் நஷ்டக் கணக்காகிவிட்டது. இந்த முறையால் கெடுதல்தான் அதிகம் என்று 1904ல் கர்சன் அரசின் கல்வித் தீர்மானமே அதைக் கைகழுவியது. நூறு வருஷம் கழித்து அதையே நாம் ஃப்ளெக்ஸ் அடித்துக் கொண்டாடுகிறோம் :)

சுதந்திரத்துக்கு அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரிந்ததுதான். காமராஜர் காலத்துப் பள்ளிகள், 1956 மதிய உணவு, 1982 சத்துணவு. நம்ம விஷயத்துக்கு முக்கியமான வருஷம் 1978. அதுவரைக்கும் பதினொன்றாம் வகுப்போடு எஸ்.எஸ்.எல்.சி., அப்புறம் கல்லூரியில் பி.யு.சி. அந்த வருஷம் முதல் பத்தாம் வகுப்பும் ப்ளஸ் டூவும் ஆனது. எல்லாப் பள்ளியும் மேல்நிலைப் பள்ளி ஆகிவிடவில்லை. ஊருக்கு வெளியே, கிராமங்களில் இருந்த பல பள்ளிகள் பத்தாம் வகுப்போடு நின்றன. அங்கே நன்றாகப் படித்த பிள்ளைகள் பஸ் பிடித்து டவுனுக்கு வந்தார்கள். மற்றவர்களில் பலர் அத்தோடு நின்றார்கள். ஆக டவுன் பள்ளியின் ப்ளஸ் டூ ரிசல்ட் என்பது சுற்றியுள்ள பத்துப் பள்ளிகளின் நல்ல மாணவர்களைச் சேர்த்த ரிசல்ட். தாய்ப் பள்ளிக்கு அதில் பங்கு தருகிற வழக்கமெல்லாம் கிடையாது.

அடுத்த குழப்பம் மெட்ரிக். சமச்சீர் கல்விக்கு முன்னால் தமிழ்நாட்டில் நான்கு பாடத்திட்டங்கள் இருந்தன: ஸ்டேட் போர்டு, மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல். பத்தாம் வகுப்பில் ஸ்டேட் போர்டு பையனுக்கு 500 மார்க், மெட்ரிக் பையனுக்கு 1100 மார்க். பாடம் வேறு, கேள்வித்தாள் வேறு. "என் பையன் 950 எடுத்திருக்கான்" என்றால் பக்கத்து வீட்டு 430க்கு முன்னால் அது மலை மாதிரி தெரியும். சதவீதம் போட்டுப் பார்த்தால் இரண்டும் 86தான்! ப்ளஸ் டூ மட்டும் எல்லோருக்கும் ஒரே 1200. முத்துக்குமரன் குழு 2007ல் அறிக்கை தந்து, 2010ல் சட்டம் வந்து, 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்ட பிறகுதான் பொதுப் பாடத்திட்டம் முழுதாக அமலுக்கு வந்தது. 2012 ஏப்ரலில்தான் மஞ்சக்குப்பத்து மெட்ரிக் மாணவியும் கிள்ளை அரசுப் பள்ளி மாணவியும் பத்தாம் வகுப்பில் முதல்முறையாக ஒரே கேள்வித்தாளை எழுதினார்கள். அதற்கு முந்தைய பத்தாம் வகுப்பு ஒப்பீடு எல்லாமே ரூபாயையும் டாலரையும் கூட்டிப் போட்ட கணக்கு.

சரி, கேள்வித்தாள் ஒன்றானதும் ஒப்பீடு நியாயமாகிவிட்டதா? இங்கேதான் ஒன்பதாம் வகுப்பு வருகிறது.

எங்கள் தெருவில் எனக்கு இரண்டு வருஷம் மூத்த அண்ணன் ஒருவர். எல்.கே.ஜி.யிலிருந்து ஒரே தனியார் பள்ளி (பெயர் வேண்டாம்). கணக்கு கொஞ்சம் வராது, அவ்வளவுதான். 2018ல் ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் அவங்க அப்பாவைக் கூப்பிட்டு, "டென்த்ல கஷ்டப்படுவான், வேற ஸ்கூல் பாத்துக்குங்க" என்று டி.சி.யைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அவரோடு இன்னும் சிலருக்கும் அதேதான். பத்து வருஷம் ஃபீஸ் வாங்கிய பள்ளி! ஜூன் மாதம் அலைந்து திரிந்து ஓர் அரசுப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே கணக்கு டீச்சர் சாயங்காலம் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். 2019ல் பாஸ். டி.சி. கொடுத்த பள்ளி அந்த வருஷமும் நூறு சதவீதம் பேனர் கட்டியது.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்ப்போம் (எண்கள் உதாரணத்துக்கு மட்டும்). பள்ளி 'அ'வில் ஒன்பதாம் வகுப்பில் 100 பேர். 20 பேருக்கு டி.சி. மீதி 80 பேர் எழுதி 80 பேரும் பாஸ். நூறு சதவீதம். பள்ளி 'ஆ'வில் 60 பேர், அந்த 20 பேரும் வந்து சேர்ந்து 80. அதில் 70 பேர் பாஸ். 87.5 சதவீதம். டீக்கடைத் தீர்ப்பு 'அ'தான் சிறந்தது என்று வரும். ஆனால் 'அ' தன்னிடம் இருந்த நூறு பேரில் எண்பது பேரைத்தான் கரையேற்றியது. 'ஆ' தன் பிள்ளைகளோடு அடுத்தவர் கைவிட்ட பிள்ளைகளையும் சேர்த்து எண்பதில் எழுபது பேரைக் கரையேற்றியது. வருஷக் கடைசியில் பேலன்ஸ் ஷீட்டை அழகாக்க வாராக் கடனை வேறு கம்பெனி புத்தகத்துக்குத் தள்ளிவிடுவதை எங்கள் வகுப்பில் விண்டோ டிரஸ்ஸிங் என்று சொல்லித் தருகிறார்கள். ஆடிட்டர் இருந்தால் பிடித்துவிடுவார். பேனருக்கு ஏது ஆடிட்டர்?

எல்லாத் தனியார் பள்ளியும் இப்படி என்று சொல்லவில்லை. நல்ல பள்ளிகள் இருக்கின்றன, எல்லோரையும் வைத்துக்கொண்டு நல்ல ரிசல்ட் தருகிற பள்ளிகளும் உண்டு. பேனரை மட்டும் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது என்பதுதான் என் வாதம்.

மாவட்டங்களுக்கும் இதே கதைதான். விருதுநகர் இருபது வருஷத்துக்கு மேல் பெரும்பாலும் முதலிடத்தில் இருந்தது. 1993ல் பிரிந்த கடலூரும் விழுப்புரமும் நெடுங்காலம் கடைசி வரிசையில். "தென்னாற்காடுன்னாலே அப்படித்தான்" என்று ஒரு முத்திரை. 2011 கணக்கெடுப்பில் மாநில எழுத்தறிவு 80.09 சதவீதம், கடலூர் மாவட்டம் 78.04. பெரிய பள்ளம் ஒன்றும் இல்லை, ஆனால் இருக்கிறது. அதோடு இயற்கை வேறு. 2004 சுனாமியில் தேவனாம்பட்டினம், கிள்ளைப் பக்கத்துக் குப்பங்கள் போயின. 2011 டிசம்பர் 30 தானே புயலில் பண்ருட்டியின் முந்திரியும் பலாவும் சாய்ந்தன. 2015 வெள்ளத்தில் அரையாண்டுத் தேர்வே ஜனவரிக்குத் தள்ளிப்போனது. 2024ல் ஃபெஞ்சல், தென்பெண்ணை வெள்ளம். ஒவ்வொரு தடவையும் பள்ளிக்கூடம்தான் நிவாரண முகாம். பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில், போர்ஷன் முடிக்கிற நேரத்தில்தான் இது வரும். அப்பா கடலுக்குப் போக முடியாத வீட்டில் பையன் வேலைக்குப் போய்விடுவான். இதெல்லாம் சதவீதத்தில் தெரியுமா?

(எங்க செட் விதிவிலக்கு. 2021ல் கொரோனாவால் பத்தாம் வகுப்புத் தேர்வே இல்லை, எல்லோரும் பாஸ், சான்றிதழில் மார்க்கும் இல்லை. அந்த வருஷம் கடலூரும் விருதுநகரும் சரிசமம். ஹி ஹி.)

அமெரிக்காவில் இந்தப் பிரச்சினை வேறு விதம். அங்கே பல மாநிலங்களில் பள்ளிக்கான பணத்தில் பெரும்பங்கு அந்தந்தப் பகுதி வீட்டு வரியிலிருந்து வருகிறது. அதனால் பணக்காரப் புறநகரில் பள்ளிக்கு வசதி அதிகம், நல்ல பள்ளி இருப்பதால் வீட்டு விலை இன்னும் ஏறும். நம்மூரில் அப்படி இல்லை. மஞ்சக்குப்பத்திலும் பரங்கிப்பேட்டையிலும் அரசுப் பள்ளி ஆசிரியருக்குச் சம்பள விகிதம் ஒன்றே, பாடப்புத்தகம் ஒன்றே, பஸ் பாஸ் ஒன்றே. பிறகு வித்தியாசம் எங்கே? முதலில் காலிப்பணியிடம். நம்ம வட மாவட்டங்களில் வேலைக்குச் சேரும் தென்மாவட்ட ஆசிரியர்கள் சில வருஷத்தில் டிரான்ஸ்ஃபர் கவுன்சிலிங்கில் ஊருக்குப் போவது வழக்கம். அவர்களைக் குறை சொல்ல முடியாது, யாருக்கும் சொந்த ஊர் ஆசை இருக்கும். ஆனால் நடு வருஷத்தில் பிசிக்ஸ் டீச்சர் இல்லாத வகுப்பு இங்கேதான் உட்கார்ந்திருக்கும். இன்னொன்று குரூப். வெளியே உள்ள சில மேல்நிலைப் பள்ளிகளில் எல்லாக் குரூப்பும் இருக்காது. அக்கவுண்டன்சி படிக்கணும் என்றால் காலை ஏழு மணி பஸ்ஸில் டவுனுக்கு வர வேண்டும். பெண் பிள்ளை என்றால் வீட்டில் அதற்கே பாதிப் பேர் தயங்குவார்கள்.

இங்கிலாந்தில் 1992 முதல் பள்ளிவாரி ரிசல்ட் பட்டியல் வெளியிட்டார்கள். வேல்ஸ் 2001ல் அதை நிறுத்தியது. இங்கிலாந்து 2016ல் இன்னொரு வழி எடுத்தது: ஒரு பிள்ளை ஆரம்பப் பள்ளி முடித்து வரும்போது எந்த நிலையில் இருந்தது, பதினாறு வயதில் எங்கே வந்தது என்ற தூரத்தை அளப்பது. இதிலும் குறைகள் உண்டு, வீட்டு வறுமையை அது சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை என்பார்கள். இருந்தாலும் பேனரைவிட மேல். நம்ம அரசு 2017ல் மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது நல்ல வேலை. அதே சமயம் ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டு வந்தது. காரணம் தெரிந்ததே. நுழைவுத் தேர்வு ரத்தான பிறகு ப்ளஸ் டூ மார்க்கே எல்லாம் என்று ஆனது. பல தனியார் பள்ளிகள் ப்ளஸ் ஒன் பாடத்தையே தொடாமல், இரண்டு வருஷமும் ப்ளஸ் டூ பாடத்தை உருப்போட வைத்தன. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் ஒரு வருஷத்தில் படித்ததை அவர்கள் இரண்டு வருஷம் படித்தார்கள். மார்க் வித்தியாசத்தில் ஒரு பகுதி அதுதான்.

2025ல் மாநில ப்ளஸ் டூ தேர்ச்சி 95.03 சதவீதம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் தேறும்போது 'பாஸ் பர்சன்ட்' பள்ளிகளைப் பிரித்துக் காட்டும் சக்தியை ஏறக்குறைய இழந்துவிட்டது. எனவே அடுத்த வருஷம் தம்பி தங்கையைச் சேர்க்கப் போகிறவர்கள் பள்ளியில் மூன்றே மூன்று கேட்டுப் பாருங்கள். இந்த வருஷம் பத்தாவது எழுதினவர்கள் ஒன்பதாவதில் எத்தனை பேர்? எந்தப் பாடத்துக்கு டீச்சர் இல்லை, எத்தனை மாதமாக? எந்தெந்த குரூப் இருக்கிறது? அரசு மனது வைத்தால் முதல் கேள்விக்கான பதிலைப் பள்ளிவாரியாக நாளைக்கே வெளியிடலாம். மாணவர் ஒவ்வொருவருக்கும் எமிஸ் எண் இருக்கிறது, யார் எங்கிருந்து எங்கே மாறினார் என்பது அதில் பதிவாகிறது.

இன்னொரு சேதி. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு ப்ளஸ் ஒன் பொதுத்தேர்வு நீக்கப்பட்டிருக்கிறது. பிள்ளைகளுக்குப் பாரம் குறையும், சரி. ஆனால் ப்ளஸ் ஒன் புத்தகம் மறுபடி பிரிக்கப்படாமலே போகும் பள்ளிகள் எத்தனை என்பதை 2027 மே மாத பேனர்கள் சொல்லாது.