யாருடைய இரத்தத்தை எடுத்தார்கள்?

என் அப்பா மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் டிரசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்தார். அவருடைய மருந்துக்கொட்டகையில் தடித்த அட்டை போட்ட ரெஜிஸ்டர் ஒன்று இருக்கும். மலேரியா, கொக்கிப்புழு, வயிற்றுப்போக்கு, பால்வெட்டும் கத்தி பட்ட காயம் என்று எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். மேகநோய், அதாவது பால்வினை நோய், மட்டும் இருக்காது. அந்த நோய்க்காரர்கள் பகலில் வந்ததில்லை. பெரட்டு முடிந்து, பால் நிறுத்து, கள்ளுக்கடையும் அடைத்த பிறகு, பின்பக்கமாக வந்து, "ஐயா, ஒரு விஷயம்" என்று இழுப்பார்கள். அப்பா பெனிசிலின் ஊசி போட்டுவிட்டு, ரெஜிஸ்டரில் 'காய்ச்சல்' என்று எழுதுவார். "லயத்துல ஒருத்தனுக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரிஞ்ச மாதிரிம்மா" என்பார்.

அந்த ரெஜிஸ்டரை மட்டும் நம்பி யாராவது ஆய்வு செய்திருந்தால், எங்கள் தோட்டத்தில் வெட்டையும் (கொனோரியா) கிரந்தியும் (சிபிலிஸ்) அறவே இல்லை என்றுதான் எழுதியிருப்பார்கள். பிறகு நான் அரசாங்க கிளினிக்கில் மிசியாக, அதாவது தாதியாக, வேலை பார்த்த காலமெல்லாம் இதுவே என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இந்த நோய்களின் வரலாறு என்று நம்மிடம் இருப்பது, யாரைப் பிடித்துச் சோதித்தார்களோ அவர்களுடைய வரலாறுதான்.

இது பழைய கதை. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் வெள்ளைக்கார அரசாங்கம் 1870இல் தொற்றுநோய்ச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. விபசார விடுதிகளையும் அங்கிருந்த பெண்களையும் பதிவு செய்து, பெண்களை மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தினார்கள். அந்த வீடுகளுக்குப் போன ஆண்களை யாரும் சோதிக்கவில்லை. 1880களின் இறுதியில் சட்டம் ஒழிந்தது. அதே காலத்தில்தான் ஈப்போவைச் சுற்றிய கிந்தா பள்ளத்தாக்கில் ஈய லம்பங்கள் (சுரங்கங்கள்) பெருகின. சீனத்திலிருந்து ஆயிரக்கணக்கில் ஆண்கள் வந்து இறங்கினார்கள், பெண்கள் மிகக் குறைவு. பின்னால் ரப்பருக்காகக் கங்காணிகள் தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுவந்தபோதும் தொடக்கத்தில் அதே நிலைமைதான். மனைவியை ஊரில் விட்டுவிட்டு இளைஞர்களைக் கூலிக்கு இழுத்துவந்த ஏற்பாடு அது. ஈப்போ நகரத்து விடுதிகளில் நோய் பரவியதற்கு அங்கிருந்த பெண்களைப் பழித்தார்கள். ஆண்களைத் தனியாகக் கொண்டுவந்து குவித்த முதலாளிகளைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கு இது இன்றும் ஆறாத கோபம்.

மருந்து ஒவ்வொன்றாகத்தான் வந்தது. கிரந்தியைக் காட்டும் வாசர்மேன் இரத்தச் சோதனை 1906இல் வந்தது. பாதரசத்துக்குப் பதிலாக எர்லிக்கும் ஜப்பானியரான ஹாட்டாவும் கண்டுபிடித்த சால்வார்சான் 1910இல் விற்பனைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெனிசிலின் கிரந்தியைக் குணமாக்கும் என்று தெரிந்தது. அப்பாவின் கைக்கு எட்டியது இந்தக் கடைசி மருந்துதான். ஆனால் ஊசி போட்டுக்கொண்டு போனவனின் மனைவி லயத்தில் இருந்தாள். "அடுத்த தடவை உன் வீட்டுக்காரியையும் கூட்டிட்டு வாப்பா" என்று அப்பா சொல்லுவார். யாரும் கூட்டி வந்ததாக எனக்கு நினைவில்லை. கிரந்தி உள்ள தாய்க்குக் குழந்தை வயிற்றிலேயே இறக்கலாம், இறந்து பிறக்கலாம். தோட்டத்தில் அதற்குக் கண்திருஷ்டி என்றார்கள், காத்துக் கருப்பு என்றார்கள்.

எச்ஐவி வந்தபோதும் இதே வழக்கம்தான் தொடர்ந்தது. இந்தியாவில் முதன்முதலாக அதைக் கண்டுபிடித்தது 1986இல் சென்னையில். மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அவருடைய மாணவி நிர்மலா பாலியல் தொழில் செய்த பெண்களிடம் இரத்த மாதிரி எடுத்தார். அந்தப் பெண்களில் பலர் காவலில் வைக்கப்பட்டிருந்தவர்கள். சோதனை வேலூர் சிஎம்சியில் நடந்தது. இரண்டு பெண்களும் செய்தது பெரிய காரியம், அதில் சந்தேகமில்லை. இருந்தாலும் அங்கேயும் முதலில் எண்ணப்பட்டவர்கள் பூட்டிய கதவுக்குள் இருந்தவர்கள்தான்.

மலேசியாவிலும் முதல் நோயாளி பதிவானது அதே 1986இல். இங்கே போதை ஊசி போட்டுக்கொள்பவர்களிடம்தான் மிகுதியாகக் கண்டார்கள். 2002இல் மட்டும் நாடு முழுவதும் 6,978 பேருக்குப் புதிதாகத் தொற்று பதிவானது. ஒரு ஊசியைப் பலர் பகிர்ந்ததால் உண்மையிலேயே அவர்களிடம் நோய் கடுமையாகப் பரவியது. அதோடு சிறைகளிலும் போதை மறுவாழ்வு மையங்களிலும் அவர்களைக் கட்டாயமாகச் சோதித்தார்கள். ஆகவே பட்டியல் அவர்களால் நிரம்பியது. தோட்டங்கள் துண்டு போடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் போனபின் ஈப்போவின் புந்தோங் பகுதிக்கும் மலிவு வீடுகளுக்கும் குடியேறிய எங்கள் பையன்கள் சிலரும் அந்தப் பட்டியலில் சேர்ந்தார்கள். மற்றவர்கள் இது நமக்கு வராது என்று இருந்துவிட்டார்கள். அவர்களுடைய மனைவிகளும் அப்படித்தான் இருந்தார்கள்.

கதை திரும்பிய இடம் தாய்சேய் கிளினிக். கர்ப்பிணிகளுக்கு ஏற்கெனவே கிரந்திச் சோதனை இருந்தது. 1990களின் இறுதியில் எச்ஐவி சோதனையும் சேர்ந்தது. பிங்க் நிறக் கர்ப்பப் பதிவுப் புத்தகத்தோடு வந்து உட்காரும் பெண்களிடம் இதைச் சொல்வதற்கு எனக்குத் தொடக்கத்தில் நாக்கு எழவில்லை.

"அது எதுக்கு மிசி எனக்கு? நான் என்ன அப்படிப்பட்டவளா?"

"எல்லாருக்கும்தாம்மா எடுக்கிறோம். மேனேஜர் வீட்டம்மா வந்தாலும் இதே சோதனைதான்."

அந்த 'எல்லாருக்கும்' என்ற சொல்லைக் கேட்டதும் கையை நீட்டிவிடுவார்கள். அப்பாவின் ரெஜிஸ்டரில் என்றைக்கும் ஏறாத பெண்கள் முதல் தடவையாகக் கணக்கில் வந்தார்கள். கிரந்தி இருந்தால் பெனிசிலின். எச்ஐவி இருந்தால் கூட்டு மாத்திரை, பிறந்த குழந்தைக்கும் மருந்து, தாய்ப்பாலுக்குப் பதில் மாவுப்பால். எதுவுமே செய்யாவிட்டால், பால் குடிக்கும் காலத்தையும் சேர்த்து நூற்றுக்கு 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தாயிடமிருந்து எச்ஐவி தொற்றும். முறையாகச் செய்தால் அது 5க்கும் கீழே இறங்கும். போதை ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கும் 2005இல் மாற்று மருந்தான மெத்தடோனும் அடுத்த ஆண்டு புது ஊசி கொடுக்கும் திட்டமும் வந்தன. போதைக்காரனுக்கு ஊசி கொடுப்பதா என்று பெரிய சத்தம் கிளம்பியது. கொடுத்தபின் புதிய தொற்று இறங்கியதை நாடே பார்த்தது.

2018 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம், தாயிடமிருந்து குழந்தைக்கு எச்ஐவியும் கிரந்தியும் பரவுவதை மலேசியா ஒழித்துவிட்டதாகச் சான்று அளித்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் அந்தச் சான்றைப் பெற்ற முதல் நாடு இது. நான் அப்போது ஓய்வு பெற்றிருந்தேன். செய்தியைப் படித்ததும் உட்கார்ந்து அழுதேன்.

தாய்மார்களைப் பொறுத்தவரை வேலை நன்றாக நடந்திருக்கிறது. ஆண்களைப் பொறுத்தவரை பாதிதான் நடந்திருக்கிறது. இப்போது புதிய தொற்றில் பெரும்பகுதி உடலுறவால் வருவது, அதிலும் பெரும்பாலோர் இளம் ஆண்கள். தாய்சேய் கிளினிக்கைப் போல அவர்களை வரவழைக்கும் இடம் ஒன்றும் இல்லை. பலர் என் அப்பா காலத்து ஆட்களைப் போலவே இருட்டின பிறகு தெரிந்த டாக்டரைத் தேடுகிறார்கள். அரசாங்க கிளினிக்கில் எச்ஐவி சோதனை இலவசம். கணவனும் மனைவியும் சேர்ந்தே போங்கள், பட்டப்பகலில் போங்கள்.